பெர்மிட் வண்டிக்கா, ஆளுக்கா?

ஐரோப்பாவில் பத்து வருடங்களுக்கு மேல் ஆட்களை ரயில் ஏற்றிவிட்டவன் நான். மிலானில் எந்த ரயிலை விட்டு எந்த ரயிலைப் பிடிப்பது, வியன்னாவுக்குப் பேருந்து மலிவா ரயில் மலிவா, பாரிஸில் எந்த நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் வண்டி போகும் என்பதெல்லாம் அப்போது எனக்கு மனப்பாடம். ஒரே ஒரு சின்னக் குறைதான். எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. தமிழ்நாட்டைத் தாண்டி நான் போன ஊர் திருப்பதி ஒன்றுதான், அதுவும் பேருந்தில் தூங்கிக்கொண்டே போனது.

போன மாதம் என் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இப்போது அது செங்கல்பட்டில், முதலாளியின் மகன் கையில் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் நாற்காலி போட்டு, குளிர்பானம் வாங்கிக் கொடுத்து உபசரித்தார்கள். அதில் ஒருத்தி கேட்டாள்: "சார், இப்பல்லாம் ரெண்டு ஊர் பேரை போன்ல போட்டா வழி, டிக்கெட்டு, வெல எல்லாம் வந்துடுது. அப்ப நீங்க நாள் பூரா இன்னாதான் சார் பண்ணிகினு இருந்தீங்க?"

கேள்வியில் கிண்டல் எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் சுருக்கென்றது. குளிர்பானம் தீர்வதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மாமல்லபுரத்தில், ஒரு சிற்பப் பட்டறைக்கும் ஒரு லாட்ஜுக்கும் நடுவில் இருந்த ஒன்பதுக்குப் பத்து அறையில் எங்கள் டிராவல்ஸ் இருந்தது. பக்கத்தில் நாள் முழுக்க உளிச் சத்தம். போனில் பேசுகிற வாடிக்கையாளர்கள், இவ்வளவு பேர் டைப் அடிக்கிற பெரிய அலுவலகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்களும் அதை மறுத்ததில்லை.

முதலாளி லோகநாதன் அதற்கு முன்பு இரண்டு சுற்றுலாப் பேருந்துகள் வைத்திருந்தவர். மதுராந்தகம், செங்கல்பட்டு பக்கத்து ஜனங்களைக் கோயில் கோயிலாக ஏற்றி இறக்கியவர். ஒன்றை விற்று இந்தக் கடையைப் போட்டார். எனக்கு அவர் கொடுத்த பயிற்சி மொத்தம் மூன்று நாள். முதல் நாள் என் நாற்காலியைக் காட்டினார். இரண்டாம் நாள் டீ எங்கே சொல்வது என்று காட்டினார். மூன்றாம் நாள், "எல்லாம் கத்துகினியா?" என்றார்.

தொடக்கத்தில் எங்களுக்கு வந்ததெல்லாம் வெள்ளைக்காரர்கள். முதுகில் மூட்டை, காலில் ரப்பர் செருப்பு, ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்தபின் பாண்டிச்சேரிக்கு எது மலிவு என்று ஒரு ரூபாய்க்கு அரை மணி நேரம் யோசிப்பார்கள். மெயின் ரோட்டில் நின்று கையை நீட்டினால் பேருந்து நிற்கும் என்று இலவசமாகச் சொல்லிவிடலாம். முதலாளி சொல்ல விடமாட்டார். அந்த யோசனையை ஒரு தாளில் டைப் அடித்து, முத்திரை குத்தி, உறையில் போட்டுக் கொடுக்கச் சொல்வார். அதற்குப் பெயர் 'ஸ்பெஷல் ரூட் பிளான்'. வெள்ளைக்காரர்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போய்க் கையை நீட்டுவார்கள். பேருந்தும் நிற்கும். நடக்காத எதையும் நாங்கள் டைப் அடித்ததில்லை என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

அப்படி வந்த ஒருவன், மூட்டையில் எடை கூடிவிட்டதென்று ஐரோப்பா முழுவதற்குமான ரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எங்கள் மேஜையில் விட்டுவிட்டுப் போனான். அதைத் தலையணையாகவும் வைத்திருந்தான் போல, நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. செங்கல்பட்டில் என் வீடு. தினம் திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரப் பயணம். நியூஸ் பேப்பரை நாலு பேர் பிடுங்குவார்கள், அட்டவணையை யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் அதைப் படித்தேன். இரண்டு வருடத்தில், திருக்கழுக்குன்றம் வளைவு வரும்போது நான் வெரோனாவில் வண்டி மாறிக்கொண்டிருப்பேன்.

பிறகு காலம் திரும்பியது. நம் ஆட்கள் வெளிநாடு போக ஆரம்பித்தார்கள். மகன் வேலைக்குப் போன ஊருக்கு அப்பா அம்மா, ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு, அணுமின் நிலைய ஊழியர்கள் குடியிருக்கும் அணுபுரத்து இன்ஜினியர்கள், ஓய்வூதியப் பணத்தில் எட்டு நாடு பார்க்கக் கிளம்பிய வாத்தியார்கள். விமான டிக்கெட் எல்லா இடத்திலும் கிடைத்தது. அங்கே போய் இறங்கியபின் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மலிவாக எப்படிப் போவது என்று சொல்ல ஆள் இல்லை. சொல்ல ஓர் ஆள் மாமல்லபுரத்தில் இருக்கிறான் என்று பேச்சுப் பரவியது.

முதலாளியின் நடைமுறையை இங்கே சொல்லியாக வேண்டும். வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் ஒரு படிவம் தரப்படும். கோயில் பயண நாட்களில் அச்சடித்து மிஞ்சிப்போன படிவம் அது. பெயர், வயது, முழங்கால் வலி உண்டா, வண்டியில் வாந்தி வருமா, எந்தக் கோயிலுக்கு வேண்டுதல். கடைசிக் கேள்வியில் 'கோயில்' என்பதை அடித்து 'நாடு' என்று எழுதிவிட்டு அப்படியே கொடுப்பார். ஆஸ்திரியாவுக்கு வேண்டுதல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட வாத்தியாரை எனக்குத் தெரியும்.

அடுத்து டிரிப் ஷீட். எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்பதோடு, எங்கே நாஸ்தா, எங்கே சாப்பாடு, எங்கே ஒதுங்குவது என்று மூன்று கட்டங்கள் இருக்கும். முதலாளிக்கு ஊர் என்றால் இந்த மூன்றில் ஒன்றாவது நடக்கிற இடம். மூன்றும் இல்லையென்றால் அந்தப் பெயரையே ஷீட்டிலிருந்து அடித்துவிடுவார். "எறங்கல, துன்னல, ஒதுங்கல. அப்பறம் அது இன்னா ஊரு?" என்பார்.

மூன்றாவது, அவருடைய வாய். 'இல்லை', 'தெரியாது', 'தப்பு' என்ற மூன்று சொற்களையும் அந்த வாய் சொல்லி அந்த நாட்களில் நான் கேட்டதில்லை. ரயிலே போகாத தீவுக்கு ரயில் டிக்கெட் கேட்டாலும் "பாத்துடலாம்" என்பார். எங்களையும் சொல்ல விடமாட்டார். ஒருமுறை நான் ஒரு அம்மாளிடம் "தெரியலைம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் போனபின் என்னைக் கூப்பிட்டு, "தெரிலன்னு சொல்றதுக்கா உனக்கு மாசாமாசம் சம்பளம் குட்த்துகினு கீறேன்? அத்த அவங்க வூட்லயே கேட்டுக்குவாங்களே" என்றார். அதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் அப்போது பட்டது.

இனி ஏகாம்பரம்.

நான் தினமும் போகிற பேருந்தின் கண்டக்டர் அவர். நாலு வருடம் எனக்கு டிக்கெட் கொடுத்தார். அந்த நாலு வருடத்தில் எங்களுக்குள் நடந்த உரையாடல், "சில்ற?" என்பது மட்டும்தான். படு கறார். ஒரு மழை நாளில் ரோட்டில் தண்ணீர் நின்றது. சுற்றுவழியாகப் போய்விடலாம் என்று டிரைவர் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். ஏகாம்பரம் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ரூட்ட மாத்திகினு போய்ட்டா, ஸ்டேஜ்ல மழையில நின்னுகினு கீறவன் இன்னா பாவம் பண்ணான்? ரூட்டு மாத்துறதே யாரையோ ஏமாத்தத்தான்." முட்டியளவு தண்ணீரில் பேருந்து ஊர்ந்தது. அந்த ஸ்டேஜில் ஒரே ஓர் ஆள்தான் நின்றிருந்தார், அவரும் எதிர்ப்பக்கம் போகிறவர்.

அவர் மகள் தேன்மொழி. பதினைந்து வயது. விடுமுறை நாட்களில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, காய்கள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சதுரங்கப் பலகையில் தனக்குத்தானே ஆடிக்கொண்டு வருவாள். பள்ளத்தில் வண்டி எகிறும்போது நாங்களெல்லாம் கம்பியைப் பிடிப்போம், அவள் ராஜாவைப் பிடிப்பாள். அந்தப் பெண்ணுக்குச் சர்வதேசப் பட்டம் கிடைக்க மூன்று தகுதிகள் வேண்டும். இரண்டை வாங்கிவிட்டாள். மூன்றாவதற்காகத்தான் ஏகாம்பரம் ஒருநாள் காக்கிச் சட்டையோடே எங்கள் கடைக்குள் வந்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள் நடந்தது இது.

"சார், இத்தாலில ஒரு போட்டி. அது முடிஞ்ச மறுநாளு காலைல பத்து மணிக்கு ஜெர்மனில இன்னொரு போட்டி. ஜெர்மனிதான் முக்கியம். அங்க ஒம்போது ஆட்டம். ஒரு ஆட்டத்துக்கு போவலன்னாலும் இந்த தகுதி பூட்ச்சு. லீவும் இல்ல, டப்பும் இல்ல, இன்னொரு தபா அனுப்ப என்னால ஆவாது. ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்கு இஸ்துகினு போறதுக்கு சல்லிசா ஒரு வழி சொல்லு."

படிவத்தை நிரப்பினார். வாந்தி வராது, முழங்கால் வலி உண்டு, ஜெர்மனிக்கு வேண்டுதல். அவருக்குப் பேருந்தில் போகத்தான் ஆசை, அதில் தம் ஆட்கள் இருப்பார்களாம். அந்த நாளில் பேருந்து இல்லை. விமானம் கட்டுப்படியாகாது. அட்டவணையைப் பிரித்தேன். மிலானில் மாலையில் ஏறினால் விடியற்காலை ஜெர்மனியில் விடுகிற ஒரு வழி இருந்தது. விலையும் குறைவு, ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். நடுவில் அந்த ரயில் சில மணி நேரம் ஸ்விட்சர்லாந்துக்குள் போய்விட்டு வெளியே வந்தது.

ஐரோப்பாவில் பல நாடுகளுக்குச் சேர்த்து ஒரே விசா வந்திருந்த காலம். அது அவர்கள் கையில் இருந்தது. அந்த நாடுகளின் பட்டியல் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அதில் ஸ்விட்சர்லாந்து இல்லை. எனக்கு லேசாக உறுத்தியது. "இதுக்குத் தனியா ஏதாவது வேணுமோ?" என்று வாய்விட்டே கேட்டேன்.

முதலாளி ஷீட்டை இழுத்துப் பார்த்தார். "ஸ்விட்சர்லாந்துல எறங்குறாங்களா?"

"இல்ல மொதலாளி."

"நாஸ்தா?"

"இல்ல."

"அப்ப அது ஊரே கெடயாது. அடி."

ஏகாம்பரமும் சிரித்தார். "சார், பெர்மிட்டு வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்ல. திருப்பதி போசொல்ல ஆந்திரா செக்போஸ்ட்டுல டிரைவர் எறங்கி கட்டிட்டு வருவான். உள்ள கீறவன் கொறட்ட வுட்டுகினு கெடப்பான். அவன எவனாவது எழுப்பி கேட்டானா?"

என்னை எவனும் எழுப்பிக் கேட்டதில்லை. எங்கள் மூன்று பேரின் போக்குவரத்து அனுபவத்தையும் கூட்டினால் அறுபது வருடம் வரும். அந்த அறுபது வருடமும் ஒன்றாக உட்கார்ந்து, ஸ்விட்சர்லாந்துக்குக் கட்ட வேண்டியதை ரயில் கட்டிக்கொள்ளும் என்று ஒருமனதாக முடிவு செய்தது. நான் அந்தப் பெயரை அடித்தேன்.

அப்பாவும் மகளும் கிளம்பிப் போனார்கள். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. பெயின்டரைக் கூப்பிட்டுப் பலகை எழுதி வாசலில் வைத்தார்: 'செங்கல்பட்டு டு ஜெர்மனி, வழி: இத்தாலி, ஸ்விட்சர்லாந்து. குறைந்த கட்டணம்.' ஷீட்டில் ஊராக இல்லாதது பலகையில் ஊராகிவிட்டது. விளம்பரத்துக்கு நாஸ்தா தேவையில்லை போலிருக்கிறது.

பத்து நாள் கழித்து ஒரு மதியம் அணுபுரத்து இன்ஜினியர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தார். டில்லி டிக்கெட் விசாரிக்க வந்தவர், பலகையை இரண்டு தடவை படித்தார்.

"இந்த வழியில போனவங்க திரும்பி வந்துட்டாங்களா?"

"நாளைக்குச் சாயங்காலம்தான் சார் மிலான்ல ஏறுறாங்க."

"ஸ்விஸ் விசா எடுத்துக் கொடுத்தீங்கல்ல?"

நான் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பட்டியலைப் பார்த்தேன். முதலாளி, "பாத்துடலாம் சார்" என்றார்.

"என்னத்தைப் பார்ப்பீங்க? ஒரு கான்ஃபரன்ஸுக்கு நானும் இதே வழியில போனேன். எல்லை ஸ்டேஷன்ல போலீஸ் ஏறி, ஒவ்வொரு பாஸ்போர்ட்டா வாங்கிப் பார்த்தாங்க. என்னைப் பெட்டியோட இறக்கிட்டாங்க. ஒரு நாள் பூரா பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். என் கட்டுரையை அங்க வேற ஒருத்தர் படிச்சார்."

அவர் போகும்வரை முதலாளி சிரித்த முகமாக இருந்தார். போனதும், "அந்தாளு மூஞ்சிய பாத்து எறக்கி வுட்ருப்பான்" என்றார். பிறகு எழுந்து போய்ப் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

தெரியாத ஊரில் அவர்களை எங்கே பிடிப்பது? ஒரே வழிதான் இருந்தது. ஏகாம்பரம் ஒன்றுவிட்டு ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்குச் செங்கல்பட்டு வீட்டுக்குப் போன் செய்வதாகக் கிளம்பும் முன் சொல்லியிருந்தார். மகள் ஆட்டத்துக்குப் போகும் முன், முந்தைய ஆட்டங்களின் கதையைச் சொல்ல. அட்டையில் பேசுகிற போன் என்பதால் இரண்டு நிமிடம் மட்டும். அதிர்ஷ்டவசமாக அன்றைக்குப் போன் வருகிற நாள். விட்டால் அவர்கள் ரயில் ஏறுவதற்கு முன் வேறு போன் கிடையாது.

நான் பேருந்துக்கு ஓடப் பார்த்தேன். முதலாளி தம் அம்பாசிடரை எடுத்தார். உதவிக்கு அல்ல, நான் ஏதாவது உளறிவிடாமல் பார்த்துக்கொள்ள. "தோ பார், கடைக்கு ஒரு பேரு கீது. நாம வழிய மாத்தல. நல்ல கஸ்டமருன்னு அதவிட ஒசந்த வழி ஒண்ணு குடுக்குறோம். சலுக. புரிஞ்சிதா?"

நான் மடியில் அட்டவணையை வைத்துக்கொண்டு வேறு வழி தேடினேன். மிலானிலிருந்து கிழக்கே வெரோனா, அங்கே மாறினால் ஆஸ்திரியா வழியாக மியூனிக். ஆஸ்திரியா பட்டியலில் இருந்தது. மியூனிக்கிலிருந்து அந்த ஊருக்கு இரண்டு வண்டி மாற வேண்டும். போய்ச் சேர எப்படியும் பத்தே கால் ஆகும். ஆட்டம் பத்து மணிக்கு. புத்தகம் வேறு ஏழெட்டு வருடம் பழையது. வண்டி நேரமெல்லாம் மாறியிருக்கலாம், வண்டியே இல்லாமலும் போயிருக்கலாம். திருக்கழுக்குன்றம் வளைவு வந்தபோது முதல்முறையாக வெரோனா எனக்கு ஒரு நிஜமான ஊராகத் தெரிந்தது. நிஜமான இரண்டு பேர் அங்கே பெட்டியோடு நிற்கப் போகிறார்கள்.

ஏகாம்பரத்தின் மனைவி அம்சா கதவைத் திறந்ததும் எங்களைப் பார்த்துப் பயந்துவிட்டார். முதலாளி சலுகையைப் பற்றி ஆரம்பித்தார். அம்சா என்னைப் பார்த்து, "இன்னா சார் ஆச்சு? நீ சொல்லு" என்றார். நான் ஒரு கேள்வி கேட்டேன். பத்து மணி ஆட்டத்துக்குப் பத்தே காலுக்குப் போனால் சேர்த்துக்கொள்வார்களா?

"கடியாரம் ஓடிகினே இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள்ள போயி குந்திட்டா ஆடலாம். அதத் தாண்டினா ஆட்டம் பூட்ச்சு."

போன் மணி அடித்தது. அம்சா எடுத்தார். "ஆங், தேனு எப்டி கீது? டிராவா? சரி, டிராவல்ஸ்காரங்க வந்துகீறாங்க" என்பதற்குள் முதலாளி போனை வாங்கிவிட்டார். சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏகாம்பரம்! நல்லா கீறியா? பாப்பா நல்லா கீதா? இன்னா மேட்டருன்னா, உனக்கோசரம் நம்ம கடைலேர்ந்து ஒரு ஸ்பெஷல் வழி..."

ஏகாம்பரத்தின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "ரூட்ட மாத்துறியா?"

"மாத்தல நைனா, ஒசத்தி..."

"எத்தினி கமிஷன்? நான் கண்டக்டரு சார். என்னாண்டயே வா. ஷீட்டுல இன்னா எய்திகீதோ அதுலதான் போவேன். வெய்யி போன."

ஒரு நிமிடத்துக்கு மேல் போயிருந்தது. நான் முதலாளி கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். பன்னிரண்டு வருடத்தில் அவர் கையிலிருந்து நான் பிடுங்கிய முதல் பொருள் அது.

"ஏகாம்பரம், தப்பு என்னுது. பெர்மிட் வண்டிக்கு இல்ல, ஆளுக்கு. ஸ்விட்சர்லாந்துக்குத் தனி விசா வேணும். அந்த ரயில்ல ஏறினா நடுவுல இறக்கி விட்டுடுவாங்க. அன்னைக்கே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. கேக்காம விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

முதலாளியின் முகத்தைப் பார்க்க நான் துணியவில்லை. ஏகாம்பரம் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஸ்டேஜ் சொல்லு சார். எய்திக்கிறேன்."

கண்டக்டருக்குப் புரிகிற மாதிரி ஸ்டேஜ் ஸ்டேஜாகச் சொன்னேன். மிலான் ஏறு. வெரோனா இறங்கு. மியூனிக் வண்டி, ஆஸ்திரியா வழி, தூங்கலாம். மியூனிக் இறங்கு. அங்கிருந்து என்று வாயெடுத்தேன், அட்டை தீர்ந்துபோனது. கையில் போன், மடியில் பக்கம் புரட்டி வைத்த அட்டவணை. கடைசி இரண்டு ஸ்டேஜ் என் வாயிலேயே நின்றுவிட்டது.

அம்சா போனை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். "மீதிய அவரு விசாரிச்சிக்குவாரு. நாஸ்தா எதுனா துன்றியா சார்?" என்றார். அந்த நேரத்தில் அப்படிக் கேட்க எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நான் அழுதுவிட்டேன்.

முதலாளி காரில் கொண்டுவந்து என் தெருமுனையில் இறக்கிவிடும்போது, "அந்த வார்த்தைய எங்கயா கத்துகின?" என்றார். வேலையை விட்டு நீக்கிவிட்டேன் என்று சொல்லவேண்டும் அவருக்கு. அதற்கு 'இனி உனக்கு வேலை இல்லை' என்று சொல்லவேண்டும். அதில் 'இல்லை' வருகிறது. அதனால், "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடு. அப்பால பாத்துடலாம்" என்றார்.

ஓய்வெடுத்தேன். அதாவது இரண்டு நாளும் பித்துப் பிடித்தவன்போல் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஆறரைக்கே அம்சா வீட்டுக்குப் போய், போனுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். ஏழு அடித்து நாலு நிமிடம் கழித்து மணி அடித்தது.

"குந்திட்டா" என்றார் ஏகாம்பரம். "பன்னெண்டு நிமிசம் மிச்சம் கீசொல்ல குந்திட்டா."

"ஜெயிச்சாளா?" என்று அம்சா கேட்டார்.

"தோத்துட்டா. ஆனா ஆடித் தோத்தா. அது கணக்குல வரும்."

மீதி எட்டு ஆட்டத்தை அவள் எப்படி ஆடினாள் என்று விளக்க எனக்குச் சதுரங்கம் தெரியாது. கடைசி நாள் கடைசி ஆட்டத்தில், அரைப் புள்ளி வித்தியாசத்தில், மூன்றாவது தகுதி வந்தது. செய்தி நாளிதழில் நாலு வரியாக வெளியானது. அன்று காலையிலேயே முதலாளி என் வீட்டுக்கு ஆள் அனுப்பினார், ஓய்வு முடிந்துவிட்டதாம். கடைக்குப் போனால் வாசலில் ஈரம் காயாத புதுப் பலகை: 'சதுரங்க வீராங்கனையை ஜெர்மனிக்கு அனுப்பிய நிறுவனம், வழி: ஆஸ்திரியா.'

ஊர் திரும்பிய மறுநாளே ஏகாம்பரம் கடைக்கு வந்தார். பயணத்தில் வாங்கிய எல்லா டிக்கெட்டையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி எடுத்து வந்திருந்தார். இத்தாலிக் கண்டக்டர் டிக்கெட்டில் கண்ட இடத்தில் ஓட்டை போடுகிறான், நம் டிப்போவில் என்றால் மெமோ கொடுத்திருப்பார்கள் என்றார். மியூனிக்கில் நான் சொல்லாமல் விட்ட ஸ்டேஜை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன்.

"வெளில வந்தா பஸ்ஸுங்க நின்னுகினு இருந்திச்சு. நம்ம ஆளுங்கதான்னு போனேன். பாஷ தெரில. விசில எடுத்து ஊதுனேன். நாலு டிரைவர் திரும்பிப் பாத்தான். ஐடி கார்டையும் ஊர் பேரையும் காட்டுனேன். ஒருத்தன் சிரிச்சிகினே கைய புடிச்சி இஸ்துகினு போயி ரயில்ல ஏத்தி வுட்டான். எறங்கி ரெண்டு பேரும் ஓடுனோம். முட்டி போயே போச்சு."

பிறகு டிக்கெட் கட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சார், டிப்போல இருவது வருசமா கீறேன். வண்டி லேட்டு, ரூட்டு மாத்தம், பிரேக்கு ஃபெயிலு, எல்லாம் பாத்துட்டேன். ஒரு ஆளும் 'தப்பு என்னுது'ன்னு சொல்லிக் கேட்டதில்ல. ஏமாத்துறவன் அந்த வார்த்தைய சொல்ல மாட்டான். அதான் நீ சொன்ன வழில போனேன்."

நான் டிக்கெட் கட்டை எடுத்து என் இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். பின்னால் முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு நின்றது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். "இனிமே கஸ்டமரு குரல ஒசத்துனா, ஒடனே இன்னா சொல்லணும்? தப்பு என்னுது. யார் மேல தப்பு கீதுன்னு பாக்கவேணாம். சொன்னா நம்புறான்யா!"

அன்றிலிருந்து அது அலுவலக நடைமுறை ஆகிவிட்டது. விமானம் தாமதமானால் தப்பு என்னுது. தூதரகம் விசா மறுத்தால் தப்பு என்னுது. முட்டுக்காட்டில் படகு ஓடாத அன்று மழை பெய்ததற்கு ஒரு வெள்ளைக்காரரிடம் முதலாளியே மன்னிப்புக் கேட்டார். நான் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை பயந்து நடுங்கிச் சொன்ன உண்மையை, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சூயிங்கம் மென்றுகொண்டே நாளுக்கு நாற்பது தடவை சொன்னார்கள். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது.

அடுத்த சில வருடங்களில் ஸ்விட்சர்லாந்தும் அந்த ஒரே விசாவுக்குள் வந்து சேர்ந்தது. பட்டியலில் பெயரைப் பார்த்ததும், இதைக் கொஞ்சம் முன்னாலேயே செய்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. அதற்கு அடுத்த வருடம் நான் ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தினார்கள், கேக் வெட்டினார்கள். தேன்மொழி எங்கோ ஒரு நாட்டிலிருந்து போன் செய்து, அடுத்த ஊருக்கு எது மலிவு என்று வழக்கம்போல் கேட்டாள், சொன்னேன்.

எல்லோரும் போனபின் முதலாளி என்னைக் கடை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். உளிச் சத்தம் ஓய்ந்திருந்தது. சால்வையின் நுனியைச் சரி செய்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கி நீ சரியாத்தான்யா கேட்ட. நான்தான் அடிக்கச் சொன்னேன். தப்பு என்னுது."

இத்தனை வருடமாக யோசிக்கிறேன். மனதிலிருந்து சொன்னாரா, நடைமுறைப்படி சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு நான் குரலை உயர்த்தியிருக்கவில்லை.